குமரேசனுக்கும் ஒரு தலைப்பாகை

சித்ரா பௌர்ணமி அன்றைக்குப் போய் வீடியோ கால் வைத்தாள் பாருங்கள், சரசுவை என்ன சொல்ல? அடி அண்ணாமலையில் பிறந்து வளர்ந்தவள். மலை சுற்ற லட்சக்கணக்கில் ஜனம் வந்து இறங்கினால் டவர் கிடைக்காது என்பது ஊரில் குழந்தைக்கும் தெரியும். அப்பாவின் கருமாதியை விடிந்ததுமே முடித்திருக்கலாம். மஸ்கட்டில் இருக்கும் தம்பி குமரேசனுக்கு நைட் ஷிப்ட் முடியட்டும் என்று அவள்தான் பதினொரு மணிக்குத் தள்ளினாள்.

வேலையில் சேர்ந்து நாலு மாதம்கூட ஆகவில்லை என்று அவனுக்கு லீவு தரவில்லை. மூத்த மகன் அவன். கொள்ளி வைத்தது இளையவன் விமல்ராஜ். தாய்மாமன் கையால் தலைப்பாகை கட்டினால்தான் பிள்ளைகளுக்குத் துக்கம் கழியும். "அப்பா முகத்தத்தான் பாக்கல. தலைப்பா கட்டறப்பவாவது உங்களோட இருக்கணும்க்கா" என்று குமரேசன் முந்தாநாள் போனில் அழுதிருந்தான்.

இப்போது போனில் அவன் வாயைத் திறந்தபடி அப்படியே நின்றுவிட்டான். சரசு மொட்டை மாடிக்கு ஓடினாள், தெருவுக்கு ஓடினாள், பந்தலுக்குத் திரும்பினாள். படம் அசையவில்லை.

"நேரம் போவுதும்மா," என்றார் மாமா தசரதன், புதுத் துண்டை உதறியபடி.

"அஞ்சு நிமிஷம் மாமா. லைன் வந்துடும்."

"கொள்ளி வைக்க வராதவன் இதுக்கு இருந்தா என்ன, இல்லாட்டி என்ன? போன வெய்யி."

அந்தத் துண்டைப் பிடுங்கி எறியலாம் போலிருந்தது சரசுவுக்கு. எறியவில்லை. விமல்ராஜ் தலையைக் குனிந்தான், மாமா கட்டத் தொடங்கினார். அவள் வீம்புக்குப் போனை அவர்கள் பக்கம் நீட்டிக்கொண்டே நின்றாள்.

கடைசி மடிப்பைச் செருகும்போது படம் அசைந்தது. குமரேசன் தலையில் வெள்ளைத் துண்டில் ஒரு தலைப்பாகை. பின்னால் நரைத்த மீசைக்காரர் ஒருவர்.

"படந்தான் வரல மாமா," என்றான். "பேசுனது எல்லாம் கேட்டுச்சு."

மாமாவின் முகம் சுண்டிப்போனது.

"விமலுக்குக் கட்டறீங்கன்னு தெரிஞ்சுது. எனக்கு யாரும் இல்லியேன்னு உக்காந்துனு இருந்தேன். இவரு ரூம்ல பக்கத்துக் கட்டில்காரரு, பலராமன். ஆரணி. என்னை மாமாவா நெனச்சுக்கோன்னு கட்டிட்டாரு. தப்புன்னா அவுத்துடறேன்."

பந்தலே தசரதனின் வாயைப் பார்த்தது. இந்த மனுஷன் இன்னொரு வார்த்தை தப்பாகச் சொல்லட்டும், ஜென்மத்துக்கும் இவர் முகத்தில் முழிப்பதில்லை என்று சரசு முடிவே கட்டிவிட்டாள்.

தசரதன் போனைக் கையில் வாங்கினார்.

"பலராமா," என்றார். "அவனுக்கு நீ மாமான்னா எனக்குத் தம்பி. என் வேலைய நீ செஞ்சிருக்க." போனைக் கண்ணருகே கொண்டுபோய் உற்றுப் பார்த்தார். "ஆனா கட்டு தளர்ந்துனு இருக்குது பாரு. நல்லா இறுக்கிக் கட்டு. அவுறக் கூடாது."