யானைக் குவளையின் தலை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பியர் குடிப்பதில்லை. ஆனால் ஒஸ்லோவில், மோர்டென்ஸ்ருட்டில் இருக்கும் எங்கள் வீட்டு அலுமாரியில் பழைய ஜெர்மன் பியர்க் குவளைகள் பதினொன்று நிற்கின்றன. துறவி, ஆந்தை, கொழுத்த பன்றி என்று எல்லாம் கல்லைப்போல் இறுகச் சுட்ட மண்ணில் செய்த உருவங்கள். உருவத்தின் தலைதான் மூடி. கட்டைவிரலால் நெம்பினால் தலை பின்னால் சாயும். பன்னிரண்டாவது ஒரு யானை. கோட்டுப் போட்டுத் தொந்தி தள்ளி நிற்கும். தலை மட்டும் இல்லை.

"தலையில்லாத முண்டத்தை வீட்டுக்குள்ளை வைச்சு என்னத்தைக் காணப்போறீர்?" என்று என் கணவர் அருட்செல்வம் மூன்று வருடமாக நச்சரித்தார். ஜெர்மனியில் இருக்கும் சேகரிப்பாளர்களுக்கெல்லாம் எழுதிக் கேட்டேன். தலை தனியாகக் கிடைக்கவே கிடைக்காது, பூச்சாடியாகப் பாவியுங்கள் என்றார்கள். பூச்சாடியாம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

போன சனிக்கிழமை, இரவல் வாங்கிய வடைச்சட்டியைத் திருப்பிக் கொடுக்கப் பக்கத்து வீட்டு வரிசையிலிருக்கும் கமலாதேவி அக்கா வீட்டுக்குப் போனேன். சாமி அலுமாரி திறந்திருந்தது. படங்களுக்கு நடுவில், சந்தனமும் குங்குமமும் வைத்து, ரோசாப்பூச் சூடி, என் யானையின் தலை! கழுத்தில் நீலப்பட்டியின் மேல்பாதி. கீழ்ப்பாதி என் வீட்டில் இருக்கிறது.

"அக்கா, இது எங்கையாலை?"

"ஸ்கூல் லொப்பெமார்க்கெட்டிலை, விக்க வைச்ச பழஞ்சாமான்களுக்குள்ளை கிடந்தவர். பிள்ளையாரை அப்பிடி விட்டிட்டு வர மனம் வருமே? இவர் வந்த வருசம்தான் என்ரை மகள் கம்சிகாவுக்கு மெடிசின் படிக்க இடம் கிடைச்சது."

ஏதாவது பொய் சொல்லி வாங்கிவிடலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். என் வாய் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

"அக்கா, இது பிள்ளையார் இல்லை. பியர்க் குவளையின்ரை மூடி."

அக்காவின் முகம் கறுத்தது. "சேர்ச்சுக்குப் போற வேதக்காரருக்கு எங்கடை சாமி பகிடியாக் கிடக்கோ?"

வீட்டுக்கு ஓடிப்போய், யானையைத் துவாயில் சுற்றிக்கொண்டு வந்து மேசையில் வைத்தேன். அக்கா கோட்டைப் பார்த்தார், தொந்தியைப் பார்த்தார், நீலப்பட்டியைப் பார்த்தார். தருவாரா, கதவைக் காட்டுவாரா?

அவர் கற்பூரம் கொளுத்திக் காட்டினார். பிறகு இரண்டு கையாலும் தலையைத் தூக்கினார்.

"பிள்ளையாரே தலை வைச்சாப்பிறகுதான் பிள்ளையார் ஆனவர். உடம்பு இஞ்சை நிக்கேக்கை தலையைப் பிடிச்சு வைச்சிருந்தால் எனக்குத்தான் பாவம். கொண்டுபோம், ரஞ்சனி. குங்குமத்தை மட்டும் துடைச்சுப் போடாதையும்."

தலையை அவரே உடம்பில் வைத்தார். முறிந்த பிணைச்சல் பல்லோடு பல் பொருந்தி, டக்கென்று உட்கார்ந்தது. நீலப்பட்டி ஒரே கோடாக ஓடியது. முழு யானை!

"அரோகரா!" என்றார் அக்கா, வீடு அதிர.

ஞாயிறு பூசை தவறாத நானும் இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கி, தொண்டை கிழியக் கத்தினேன்: "அரோகரா!"