அளக்காமல் விட்ட குரல்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தேழாம் ஆண்டு, ஈஸ்டருக்கு முந்திய தபசுக் காலத்தில், ஃபேரர் பார்க் பக்கத்துப் பங்குக் கோயிலின் பேரவை கூடி ஆம்ப்ரோஸின் பல்லைப் பற்றி விவாதித்தது. ஆம்ப்ரோஸ் அங்கே இல்லை. இருந்திருந்தால் விவாதித்திருக்க மாட்டார்கள். எல்லாரும் நல்ல மனிதர்கள்.

ஆம்ப்ரோஸ் துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். பதினெட்டு வருடமாக ஞாயிறு பூசையில் வாசகம் வாசிக்கிறார். பெரிய வெள்ளியன்று ஆண்டவர் சிலுவையில் பட்ட பாடுகளை வாசிப்பவரும் அவர்தான். சீனப் புத்தாண்டு முடிந்த கையோடு மேல்வரிசைக்குப் பல்செட் கட்டிக்கொண்டார். அன்றிலிருந்து 'இயேசு' என்று சொன்னாலே ஒரு விசில் சேர்ந்து வந்தது. நேரில் அது சின்ன விசில்தான். ஒலிபெருக்கியிலோ கோயிலை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் அடங்கியது. ஞானோபதேசப் பிள்ளைகள் விரல்விட்டு எண்ணினார்கள். போன ஞாயிறு நாற்பத்தொன்று.

"பாடுகள் எவ்வளவு நீளம்? முந்நூறு தாண்டிடும்," என்றார் பேரவைச் செயலாளர் அல்போன்சம்மாள். "பிள்ளைங்க சிரிக்கும். அதப் பாத்துப் பெரியவங்க சிரிப்பாங்க. பெரிய வெள்ளியில சிரிக்கலாமா? இந்த வருஷம் வேற ஆளப் போடுவோம்."

கோயிலின் ஒலிபெருக்கியைக் கவனித்துக்கொள்ளும் லாசரஸ் கடைசி நாற்காலியில் இருந்தார். கிளமெண்டிப் பக்கம் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் இன்ஜினியர். அவர் எழுந்தார்.

"ஸ்பீக்கர் கோளாறா இருக்கலாம்க்கா. ரெண்டு வாரம் டைம் குடுங்க."

"ஸ்பீக்கர் எப்பப்பா பல்லு கட்டுச்சு?" என்றார் அல்போன்சம்மாள்.

பங்குக் குரு சிலுவைராஜ் கூரையைப் பார்த்தார். "ரெண்டு வாரம்," என்றார்.

ஸ்பீக்கரில் ஒரு கோளாறும் இல்லை. அதை மாட்டியவரே லாசரஸ்தான். ஆகவே அது பொய். அவர் அதை மனத்தில் குறித்துக்கொண்டார்.

மறுநாள் கேசட் ரெக்கார்டரோடு ஆம்ப்ரோஸ் வீட்டுக்குப் போய், மைக் சோதனைக்கு ஒரு பக்கம் வாசிக்கச் சொன்னார். ஆம்ப்ரோஸ் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டு, கேசட்டுக்கு முன்னால் எழுந்து நின்று வாசித்தார்.

"பேரவையில ஏதாச்சும் சொன்னாங்களா தம்பி?"

"என்ன சொல்லப் போறாங்கண்ணே. ஒண்ணும் இல்ல." இது இரண்டாவது.

"இல்ல, கேட்டேன். வாரத்துல ஆறு நாள் எங்கிட்டப் பேச ஆளில்ல. ஞாயித்துக்கிழமை எல்லாருக்கும் சேத்து நான் பேசிடுறேன். அதுபோதும் லா எனக்கு."

வேலை முடிந்த பிறகு லாசரஸ் தொழிற்சாலைக் கணினியில் அந்த விசிலைத் தேடிப் பிடித்தார். நொடிக்கு ஐயாயிரத்து இருநூறு அதிர்வு. வரைதாளில் ஒரு கோடு போட்டார். எந்த ஒலியை எவ்வளவு உள்ளே விட வேண்டும் என்பதைக் காட்டும் கோடு அது. முழுக்க நேராகப் போய், ஐயாயிரத்து இருநூறில் மட்டும் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. ஒலியை எண்களாக்கி வடிகட்டும் சிப் ஒன்று அவரிடம் இருந்தது. அதற்குள் முப்பத்திரண்டு எண்களைப் போடலாம். அவர் வரைந்த கோட்டுக்கு ஆக நெருங்கிவரும் முப்பத்திரண்டு எண்களைக் கணினி கண்டுபிடித்துத் தர வேண்டும்.

நெருங்கத்தான் முடியும். அதே கோடாக முடியாது. ஓரிடத்தில் அழுத்திப் பிடித்தால் வேறோர் இடத்தில் விலகும். பிழையை ஒழிக்க வழியில்லை. அது எங்கே இருக்கலாம் என்று மட்டும் சொல்லலாம்.

ஆகவே யாருக்கும் நோகாத ஓர் இடத்தை லாசரஸ் தேடினார். ஃபாதரின் குரலைப் பதிவு செய்தார். ஹார்மோனியம், பாடற்குழு, அல்போன்சம்மாளின் அறிவிப்புகள், எல்லாவற்றையும் அளந்தார். மூவாயிரத்துக்கும் நாலாயிரத்துக்கும் நடுவே பெரிதாக யாரும் குடியில்லை. பிழையை அங்கே தள்ளினார்; அந்த இடத்து ஒலி மங்கினாலும் யாருக்கும் தெரியாது.

பூசையில் தனியாகச் சங்கீதம் பாடுகிற பிரிஜட்டை மட்டும் அவர் அளக்கவில்லை. பிரிஜட் அவருடைய மனைவி. இருபத்தொரு வருடமாகக் கேட்கிற குரலில் அளக்க என்ன இருக்கிறது?

தபசுக் காலத்து ஐந்தாம் ஞாயிறு, சிப்பைப் பொருத்திய பெட்டியை ஒலிபெருக்கியோடு இணைத்தார். ஆம்ப்ரோஸ் வாசித்தார். ஒரு விசில்கூட இல்லை. பிள்ளைகள் விரல்களை வைத்துக்கொண்டு கடைசிவரை காத்திருந்தார்கள். அல்போன்சம்மாள் திரும்பி ஸ்பீக்கரை மரியாதையோடு பார்த்தார்.

அடுத்துப் பிரிஜட் பாட எழுந்தாள். அலமாரிக்குள் நின்று, கதவையும் சாத்திக்கொண்டு பாடுவதுபோல் இருந்தது.

பூசை முடிவதற்குள், பிரிஜட்டுக்குச் சளி என்ற செய்தி கடைசி பெஞ்சுவரை போய்ச் சேர்ந்துவிட்டது.

"தொண்டைய வருத்திக்காத பிரிஜட்," என்றார் அல்போன்சம்மாள் வாசலில். "பெரிய வெள்ளிக்கு ரெஸ்ட் எடு. வேற ஆளப் போடுவோம்."

கிளமெண்டியில் வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் லாசரஸ் ஒன்று விடாமல் மனைவியிடம் சொல்லிவிட்டார்.

"எல்லாரையும் அளந்தீங்க," என்றாள் பிரிஜட்.

"ஆமா."

"அல்போன்சம்மா அக்காவையும்."

"ஆமா."

"என்னைய அளக்கல."

"உன் குரல் எனக்குத் தெரியும்னு நெனச்சேன்."

மூன்று நிறுத்தங்கள் வரை அவள் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

"சரி, இப்ப மாத்த முடியுமா?"

"மாத்தலாம். அந்த இடத்த உனக்கு விட்டா, விசில் பாதி திரும்பி வந்துடும்."

"பாதின்னா?"

"நூத்தம்பது."

"அதுக்கும் சிரிப்பாங்க. அவர் வாசிக்கறப்ப மட்டும் பெட்டியப் போட்டு, அப்புறம் அணைச்சா?"

"ஒவ்வொரு வாட்டியும் நான் எழுந்து போய் சுவிட்ச் போடணும். எதுக்குன்னு அவருக்குத் தெரிஞ்சுடும். பெரிய சிப் இருந்தா ரெண்டு பேருக்கும் இடம் கெடைக்கும். அது அடுத்த வருஷம்தான் வரும்."

பிரிஜட் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். கோபமாகத்தான் இருந்தாள். இருந்தாலும் சொன்னாள்: "அப்ப எனக்கு மைக் வேணாம். மைக் இல்லாமப் பாடுறேன்னு அக்காகிட்ட நானே சொல்லிக்கறேன்."

சனிக்கிழமை லாசரஸ் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனார். இரண்டு பொய்களையும் சொன்னார். பெட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டியிருந்தது.

"அந்தப் பெட்டியால யாருக்காவது கெடுதல் உண்டா?" என்று மறைப்புக்கு அந்தப் பக்கம் ஃபாதர் கேட்டார்.

"என் சம்சாரத்துக்கு, ஃபாதர்."

"அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். மைக் வேணாம்னுட்டா."

"பரிகாரத்துக்கு நீ மூணு அருள் நிறைந்த மரியே சொல்லு," என்றார் ஃபாதர். "அவங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம்."

பெரிய வெள்ளியன்று பிற்பகல் மூன்று மணிக்கு, எப்போதும்போல் முன்வரிசை தவிர, கோயில் நிறைந்திருந்தது. ஆம்ப்ரோஸ் பாடுகளை வாசித்தார். தோட்டத்தில் ஆண்டவரைப் பிடிக்க வந்த இடத்தில் தொடங்கி, நிறுத்தி, நிதானமாக, பதினெட்டு வருடம் வாசித்த மாதிரியே வாசித்தார். ஆண்டவர் உயிர்விடும் இடம் வந்ததும் எல்லாரும் முழங்காலிட்டார்கள். பிள்ளைகளும்தான். மின்விசிறியின் சத்தம் மட்டும் கேட்டது.

சிலுவையை முத்தமிடும் நேரம் பிரிஜட் மைக்கை விட்டு இறங்கி, பெஞ்சுகளுக்கு நடுவில் வந்து நின்று பாடினாள். பக்கத்தில் இருந்தவர்களுக்கு நன்றாகவே கேட்டது. வாசல் தாழ்வாரத்துக்கு எட்டவில்லை. பூசை நேரம் முழுவதும் அங்கேயே நிற்பது என்று வைத்துக்கொண்டிருந்த ஆண்கள் ஒருவர் பின் ஒருவராக உள்ளே வந்தார்கள். பின்னால் இடமில்லாததால் முன்வரிசைக்கே போய் உட்கார்ந்தார்கள். இதைத்தான் ஃபாதர் சிலுவைராஜ் பதினோரு வருடமாகப் பிரசங்கத்தில் கேட்டுக்கொண்டிருந்தார். இப்போது அவர் கண்களை மூடிக்கொண்டார்.

எல்லாம் முடிந்து மக்கள் கலையும்போது, ஆம்ப்ரோஸ் கூட்டத்தை விலக்கிக்கொண்டு பிரிஜட்டைத் தேடி வந்தார். கையில் காகிதப் பொட்டலம்.

"சளியோட மைக்குல பாட வேணாம்னு எறங்கி வந்துட்ட போல," என்றார். "வாசிக்கறப்பகூட எனக்கு உன் நெனப்புதாம்மா. ஒரு தொண்டைய நம்பி இருக்கறவங்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். இந்தா, பனங்கற்கண்டு. சிராங்கூன் ரோட்டுல வாங்கினேன். வெந்நீர்ல போட்டுக் குடி."

லாசரஸ் பக்கத்தில் நின்று தம் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிரிஜட் பொட்டலத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, ஒரு முறை இருமினாள்.