பதிமூன்றாவது வளைவில் மூன்று மிதி

போடிமெட்டிலிருந்து இறங்கும்போது பதிமூன்றாவது வளைவைத் தாண்டியதும் முத்துக்கண்ணன் பிரேக்கை மூன்று தடவை மிதிப்பான். எதிரே லாரி வராது, குறுக்கே மாடு வராது, சும்மாவே மிதிப்பான். பின்சீட்டில் இருக்கும் ஏலக்காய் வியாபாரிகள், "என்னப்பா, வண்டிக்கு விக்கலா?" என்று கேட்பார்கள். அவன் மிதித்துவிட்டுக் கண்ணாடியில் பின்னால் பார்ப்பான். மேலே ஏலக்காட்டு ஓரத்தில் ஒரு தகர வீடு, அதன் வாசலில் ஒரு குண்டு பல்பு. அந்தப் பல்பு ஒரே ஒரு தடவை அணைந்து எரியாதா என்று பார்ப்பான். அது எரிந்தது எரிந்தபடியே இருக்கும். ஏழு மாதமாக அப்படித்தான்.

அந்த வீட்டில் அவன் பெண்டாட்டி சூர்யகலா இருந்தாள். அது அவள் அம்மா வீடு. கல்யாணத்துக்கு முன்னாலேயே ஆரம்பித்த பழக்கம் இது. வளைவு தாண்டியதும் ரோடு நேராக இறங்குவதால் அந்த வாசலுக்கு வண்டியின் முதுகு மட்டும்தான் தெரியும். எனவே பின்விளக்கில்தான் அவன் பேசியாக வேண்டும். மூன்று மிதி என்றால் 'போயிட்டு வர்றேன்'. அவள் பல்பை அணைத்துப் போட்டால் 'சரி'. கல்யாணத்துக்குப் பிறகு அவள் அம்மா வீட்டுக்கு வரும்போதும், ஆளுக்கொரு செல்போன் வந்த பிறகும் இதை அவர்கள் விடவில்லை. அவனுடைய அம்பாசிடர் பழைய வண்டி. இடது பக்கத்துப் பின்விளக்கு வருஷக்கணக்காக வெயிலில் நின்று வெளுத்து, சோகை பிடித்த மாதிரி இருக்கும். எத்தனை வண்டி இறங்கினாலும், ஒரு கண் சிவப்பு ஒரு கண் வெளுப்பு என்று அவள் கண்டுபிடித்துவிடுவாள்.

இப்படிப்பட்டவளை அழவைத்தது யார்? இவனேதான். தை மாதம் சிலமலையில் அவன் அக்கா வீட்டுக் காதுகுத்து. பந்தியில் சோறு போட வந்தவரிடம் சூர்யகலா இலைக்கு மேல் கையை நீட்டி, "மதி, மதி" என்றாள். மலையில் மலையாளத்தோடு பழகியவர்கள் போதும் என்பதை அப்படித்தான் சொல்வார்கள். பந்தி சிரித்தது. சிரிக்கட்டும், ஊர் வாய்தானே. கட்டினவன் என்ன செய்திருக்க வேண்டும்? இந்தப் புண்ணியவான் அவளை மாதிரியே கையை நீட்டி, "மதி, மதி" என்று நடித்துக் காட்டி, பந்தியை இன்னொரு தடவை சிரிக்க வைத்தான். அவள் இலையை மூடிவிட்டு எழுந்தாள்.

"என்னைய எங்க அம்மா வீட்டுல கொண்டுபோய் விடுங்க மாமா."

"ஒரு சிரிப்புக்கு இம்புட்டு ரோசமா? சரி, ஏறு."

அன்றைக்கே கொண்டுபோய் விட்டான். விட்ட கோபத்தில் வண்டியைப் படக்கென்று பின்னால் எடுத்து மைல்கல்லில் இடித்தான். வலது விளக்கின் மூடி நொறுங்கியது. மறுநாள் அதன் மேல் சிவப்பு ஜிகினாத் தாளை ஒட்டினான், அதோடு சரி.

கூப்பிடாமல் மாமியார் வீட்டுக்கு ஏறிப்போக மானம் இடம் கொடுக்கவில்லை. போனை எடுப்பான், அவள் பெயரைப் பார்த்ததும் கை மடங்கிவிடும். 'தெனமும் மிதிக்கிறேன்ல, பாத்துக்கிட்டுத்தான இருக்கா? ஒரே ஒரு தடவை அணைச்சுக் காட்டட்டும், வண்டிய நடுரோட்டுல போட்டுட்டு ஓடிப்போறேன்' என்று நினைத்துக்கொள்வான். பல்பு அசையாது. வீட்டுக்கு வந்து, அவள் சேலை காயப்போடும் வெறும் கொடியைப் பார்த்தபடி சோற்றைப் பிசைவான். ஏக்கம் என்றால் அப்படி ஓர் ஏக்கம், எவனிடமும் சொல்ல முடியாத ஏக்கம்.

ஆவணியில் முந்தல் செக்போஸ்ட்டில் ஒரு போலீஸ்காரர் ஜிகினாத் தாளை விரலால் சுண்டிப் பார்த்தார். "இது என்ன திருவிழா ஜோடனையா? அடுத்த வாரம் இதே கோலத்துல வந்தே, வண்டி இங்கனதான் நிக்கும்" என்றார். ஞாயிற்றுக்கிழமை சவாரி கிடையாது. காலையிலேயே போடியில் ஜக்கையனின் பட்டறைக்கு வண்டியைக் கொண்டுபோனான்.

ஜக்கையன் பின்னால் குத்தவைத்து உட்கார்ந்து, "பிரேக்க மிதி மாப்ளே" என்றார்.

"மிதிச்சிருக்கேன்."

"அட, மிதிய்யா!"

"மிதிச்சுக்கிட்டுத்தாண்ணே இருக்கேன்!"

ஜக்கையன் டிக்கியைத் திறந்து உள்ளே தலையை விட்டார். வெளியே வந்தபோது அவர் கையில் ஒரு வயர் நுனி இருந்தது, பச்சைக் களிம்பு ஏறி. "பிரேக்கு லைட்டு ரெண்டு பக்கமும் செத்துக் கெடக்கு. கல்லுல இடிச்சன்னைக்கே அந்துருக்கும். மாசக்கணக்கா இப்படித்தான் ஓட்டியிருக்கே."

"சின்ன வெளக்கு எரியுதேண்ணே?"

"அது வேற வயரு, இது வேற வயரு. ஒனக்கு எப்படித் தெரியும்? ஓம் முதுக நீயா பாக்க முடியும்?"

முத்துக்கண்ணன் அங்கே கிடந்த டயரில் உட்கார்ந்துவிட்டான். ஏழு மாதம்! ஒரு சவாரி தவறாமல் மிதித்த மிதி எல்லாம் இருட்டில் போயிருக்கிறது. சித்திரையில் ஜீப்பு ஓட்டும் உக்கிரபாண்டி பின்னாலிருந்து கையை ஆட்டி ஆட்டி என்னமோ கத்தினான். ஏசுகிறான் என்று நினைத்து இவனும் நாலு வார்த்தை திருப்பி ஏசினானே, அது இதற்காகத்தானா? மேலே வாசலில் நின்றவள் என்ன நினைத்திருப்பாள்? மறந்துவிட்டான் என்றுதான் நினைத்திருப்பாள்.

ஜக்கையன் வயரைப் புதிதாக இழுத்துக் கட்டினார். பழைய சாமான் கடையில் தேடிப் பிடித்த வெளுக்காத இரண்டு மூடிகளை எடுத்துவந்தார். "ஜோடியா மாத்திருவோம்."

"வலதை மட்டும் மாத்துங்க. இடதுல கை வைக்காதீங்க."

"கிறுக்கா ஒனக்கு? வெளுத்ததத்தான மொதல்ல மாத்தணும்? போலீஸ்காரரு விடுவாரா?"

"அடுத்த வாரம் மாத்திக்கிறேன். ரெண்டும் ஒண்ணுபோல இருந்தா யாரு வண்டியோன்னு இருந்துருவா."

"எவ?"

"ஒங்க சோலியப் பாருங்கண்ணே, வெரசா!"

ஜக்கையனுக்குப் புரிந்துவிட்டது. சிரிப்பை அடக்கிக்கொண்டு திருப்புளியை எடுத்தார்.

அன்று சாயங்காலம் ஆள் இல்லாத வண்டியை மேலே ஓட்டிக்கொண்டு போனான் முத்துக்கண்ணன். போடிமெட்டில் ஒரு டீயைக் குடித்தான், பாதியில் வைத்தான், திருப்பினான். விளக்கு வைக்கும் நேரம். மூடுபனி விட்டு விட்டு நகர்ந்துகொண்டிருந்தது. பதிமூன்றாவது வளைவு வந்தது. மிதித்தான்: ஒன்று, இரண்டு, மூன்று.

கண்ணாடியில் பல்பு எரிந்துகொண்டே இருந்தது.

மறுபடி மிதித்தான். எரிந்துகொண்டே இருந்தது. வண்டியை ஓரம் கட்டினான். போச்சு, எல்லாம் போச்சு, ஏழு மாதம் பார்த்துப் பார்த்து அவளுக்கும் வெறுத்துப்போயிருக்கும் என்று நினைத்தான். அப்போது பல்பு அணைந்தது.

திரும்ப எரியும் என்று காத்திருந்தான். பத்து வரை எண்ணினான். எரியவில்லை. இருபது வரை எண்ணினான். வீடு இருந்த இடமே தெரியவில்லை. அணைத்தே விட்டாளா? இதுதான் பதிலா? ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டான். கண்ணில் தண்ணீர் முட்டியது. சாவியைத் திருப்பப் போனவன் கண்ணாடியில் பார்த்தான். ஏலச்செடிகளுக்கு நடுவே ஒரு டார்ச் வெளிச்சம் இங்கும் அங்கும் ஆடிக்கொண்டு, ஒற்றையடிப் பாதையில் ஓடி வந்தது.

சூர்யகலா வண்டிக்குப் பின்னால் வந்து நின்றாள். மூச்சு வாங்கியது.

"அணைச்சேன் மாமா. மறுபடி போட நிக்கல, ஓடியாந்துட்டேன்."

அவன் ஜன்னலில் தலையை நீட்டினான்.

"தெனமும் பாத்தேன். இந்த எறக்கத்துல நீங்க ஒரு நாளு கூட பிரேக்கு போடல. எங்க வீட்டத் தாண்டுறப்ப வேகத்தக் கொறைக்கக்கூட மனசில்லாமப் போறாரே, அம்புட்டு வெறுப்பா எம்மேலன்னு அழுதேன்."

"வயரு அந்துபோச்சு புள்ள. நான் தெனமும் மிதிச்சேன். சத்தியமா மிதிச்சேன். அன்னைக்குப் பந்தியில நான் செஞ்சது தப்பு."

அவள் மூக்கை உறிஞ்சினாள். "இப்ப மிதிங்க. பக்கத்துல நின்னு பாக்குறேன்."

மிதித்தான். தன் விளக்கைத்தான் அவன் பார்க்க முடியாது, கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. ஒரு கன்னம் சிவப்பாக, ஒரு கன்னம் வெளுப்பாக. காலை எடுத்தான், முகம் மறைந்தது. மிதித்தான், வந்தது. மூன்றாவது தடவை மிதித்தவன் காலை எடுக்கவே இல்லை.

"மதி மாமா" என்றாள் அவள். "மதி."

சிலமலையில் அவன் நடித்துக் காட்டிய அதே வார்த்தை. இன்றைக்கு அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் இன்னொரு தடவை சொல்லிக் கேட்க வேண்டும்போல இருந்தது. அவன் பிரேக்கிலிருந்து காலை எடுக்காமல் உட்கார்ந்திருந்தான்.