கறுக்காத பட்டை

பட்டை கறுக்கவில்லை. வெளிறிய பழுப்பில் அப்படியே கிடந்தது. அறுவைக்கான கத்தி, கத்தரி எல்லாவற்றையும் துணியில் கட்டி நீராவி இயந்திரத்தில் வேகவைக்கும்போது, ஒவ்வொரு கட்டுக்குள்ளும் ஒரு காகிதப் பட்டையையும், சோதனைக்கென்று வெளியே தனியாக ஒன்றையும் வைப்பார்கள். சூடு சரியாக ஏறினால் அது கன்னங்கரேல் என்று மாறும். மாறினால்தான் அந்தத் தடவை வெந்த கட்டுகள் ஆபரேஷன் தியேட்டருக்குப் போகலாம். மாறிய பட்டையை ரெஜிஸ்டரில் ஒட்டிக் கையெழுத்துப் போடுவது அவள் வேலை. பதினாறு வருடமாக அதைத்தான் செய்கிறாள்.

மூன்று நாளாக இயந்திரம் மக்கர் பண்ணியது. மூன்று நாளாக அவள் செய்ததும் வேறு. போன மாதத்துப் பட்டைகளை உரித்து, ஒவ்வொன்றையும் இரண்டாக நறுக்கி, பாதியைப் பழைய இடத்திலும் பாதியைப் புதுப் பக்கத்திலும் ஒட்டினாள். யோசனை சூப்பர்வைசருடையது. கத்தரி பிடித்த கை அவளுடையது.

"அதையே ஏன் முறைச்சுப் பாக்குற? உன் பரீட்சை ரிசல்ட்டா?" என்றார் சூப்பர்வைசர். "மெக்கானிக் நாளைக்கு வர்றான்னு சொன்னேன்ல?"

"நேத்தும் நாளைக்குன்னுதான் சார் சொன்னீங்க."

"நேத்து சொன்ன நாளைக்கு வேற, இது வேற. ஒண்ணும் ஆகாது. சீக்கிரம் கட்டைக் குடு. சிசேரியனுக்கு ஆளப் படுக்க வச்சாச்சு."

ஒண்ணும் ஆகாது. காலையில் வார்டு நர்ஸ் லிஃப்டில் சொன்னாள்: முந்தாநாள் ஆபரேஷன் ஆன இரண்டு பேருக்குக் காய்ச்சல் இறங்கவே இல்லையாம்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் போதகர் பேசியது நினைவுக்கு வந்தது. "தீர்க்கதரிசின்னா நாளைக்கு நடக்கப்போறதச் சொல்றவன்னு நினைக்காதீங்க. இன்னைக்கு நடக்கிறத மறைக்காமச் சொல்றவன். அதுக்கு மேடை வேண்டாம், நீங்க வேலை பாக்குற இடம் போதும்." எல்லோரோடும் சேர்ந்து அவளும் உரக்க ஆமென் சொன்னாள். அவளுக்குத் தெரிந்த தீர்க்கதரிசனம் ஓரகத்தி சொல்வதுதான். கண்ணை மூடினால் ஒருவருக்கு வெளிநாட்டுப் பயணம், இன்னொருவருக்குப் புதுக் கார். ஒருமுறை ஐம்பத்தெட்டு வயது அம்மாளுக்கு ஆண் குழந்தை என்று சொல்லிவிட்டாள். அந்த வரம் நமக்கு வாய்க்கவில்லை என்று இவள் நிம்மதியாக இருந்தாள்.

இப்போது எந்தக் குரலும் கேட்கவில்லை. ஆண்டவரே, வேறு யாரையாவது அனுப்பும் என்று மனசுக்குள் கெஞ்சினாள். அந்த அறையில் வேறு யார் இருக்கிறார்கள்? சொன்னால் முதலில் மாட்டுவது அவள். எல்லாப் பக்கத்திலும் அவள் கையெழுத்து. வேலை போகும். போலீஸ்கூட வரலாம்.

சூப்பர்வைசர் பொறுமை இழந்து கட்டைத் தானே தூக்கிக்கொண்டு நடந்தார். கதவு ஆடி நின்றது. அவள் பின்னாலேயே ஓடினாள்.

"அக்கா, செருப்பு!" என்று தியேட்டர் நர்ஸ் கத்தினாள். வெளிச் செருப்போடு தாண்டக்கூடாத சிவப்புக் கோட்டை அவள் தாண்டியிருந்தாள். மேசையில் படுத்திருந்த பெண்ணுக்கு இடுப்புக்குக் கீழேதான் மரத்திருந்தது. அவள் கண் இவள் பக்கம் திரும்பியது.

"டாக்டர், அதத் தொடாதீங்க." குரல் எலி கீச்சிட்டது போல இருந்தது. திரும்பச் சொன்னாள். "கட்டு வேகல. மூணு நாளா வேகல. பழைய பட்டைய வெட்டி நான்தான் ஒட்டினேன்."

சூப்பர்வைசர் சிரித்தார். "ஞாயித்துக்கிழமை கேட்ட பிரசங்கம் இன்னும் தெளியல டாக்டர்."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. கட்டைப் பிரிக்கச் சொல்லி, ரெஜிஸ்டர் கையெழுத்தை நம்பி யாரும் பார்க்காமல் ஒதுக்கும் உள்பட்டையை விளக்கில் பார்த்தார். பழுப்பு.

"பக்கத்து பில்டிங்லேர்ந்து வேற கட்டு கொண்டாங்க, ஓடுங்க." பிறகு அவளிடம், "யார் ஒட்டச் சொன்னது?"

அவள் சூப்பர்வைசர் பக்கம் கை நீட்டினாள்.

"கையெழுத்து?"

"என்னோடது."

"மூணு நாள்ல எத்தனை பேர்?"

"பதினொண்ணு." எண்ணிப் பார்க்கவே வேண்டியிருக்கவில்லை. ராத்திரியெல்லாம் எண்ணியிருந்தாள்.

"ஹெட் சிஸ்டர், இவளை ரெஜிஸ்டரோட வார்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. பதினொரு பேருக்கும் ரத்தம் எடுக்கணும். ஏன் எடுக்கிறோம்னு சொல்லிட்டு எடுங்க. உன் விஷயம் அப்புறம்."

ஒரு தடவை சொல்லிவிட்டால் பாரம் இறங்கிவிடும் என்று நினைத்திருந்தாள். இறங்கவில்லை. ரெஜிஸ்டரை மார்போடு அணைத்துக்கொண்டு மாடிப்படி ஏறினாள்.

வார்டில் முதல் கட்டில். காய்ச்சலில் கண் பளபளத்த சின்னப் பெண், பக்கத்தில் தூங்கும் குழந்தை.

"என்னக்கா, பெரிய நோட்டோட வர்றீங்க? வீட்டுக்கு அனுப்பப் போறீங்களா?"

ஹெட் சிஸ்டர் தொண்டையைச் செருமினார்.

"நானே சொல்றேன் சிஸ்டர்" என்றாள் அவள். ரெஜிஸ்டரைக் கட்டில் ஓரத்தில் வைத்து, அந்த நாளின் பக்கத்தை விரித்தாள். நோட்டின் கனத்தில் கட்டில் ஆடியது. குழந்தை விழித்துக்கொண்டது.