நான்காவது தட்டு

ராணுவச் சட்டம் வந்த பன்னிரண்டாம் நாள், கிறிஸ்துமஸுக்கு முந்தின மாலை. போலந்தின் கிடான்ஸ்க் நகரில் நாலு பேர் சேர்ந்து நிற்கத் தடை. அம்மா மேசையில் நாலு தட்டு வைத்தாள். அவளுக்கு, எனக்கு, ஸெனோனுக்கு. நான்காவது, எதிர்பாராமல் வரும் விருந்தாளிக்கு. எல்லா வீட்டிலும் இப்படி ஒரு தட்டு வைப்பது வழக்கம். எங்கள் வீட்டுக்கு இதுவரை யாரும் வந்ததில்லை.

ஸெனோன் என் கல்லூரித் தோழன். வேலைநிறுத்தக் குழுவில் இருந்தவன். பிடிபட்டால் நேரே தடுப்பு முகாம்தான். ஒரு வாரமாக எங்கள் சோபா இருக்கைக்கு அடியில், போர்வை வைக்கும் பெட்டியில் ஒளிந்திருந்தான். பாச்சை உருண்டை வாசம் தாங்கவில்லை என்று ஓயாத புலம்பல். அரசாங்கத்தைக்கூட அவன் அவ்வளவு திட்டியதில்லை.

பீட்ரூட் சூப்பை இறக்கும்போது கதவைத் தட்டினார்கள். ஸெனோன் பெட்டிக்குள் பாய்ந்தான். மூடினேன். அவன் தட்டை எடுக்க மறந்தேன்.

வாசலில் இரண்டு போலீஸ். மீசை வைத்த, கனத்த சார்ஜென்ட். பின்னால் மூக்கு சிவந்த கான்ஸ்டபிள்.

"வீட்ல எத்தனை பேரும்மா?"

"நானும் எம்பையனும்."

சார்ஜென்ட் மேசையைப் பார்த்தார். "விருந்தாளிக்கு ஒண்ணு, சரி. எங்க வீட்லயும் வைப்போம். இன்னொண்ணு யாருக்கு?"

அம்மா கையிலிருந்த கரண்டிகூட ஆடவில்லை.

"நீங்க என்னைக்கு சார் ஒத்தையா வந்தீங்க? ஜோடியாத்தானே வருவீங்க? உக்காருங்க, சூப் ஆறுது."

கான்ஸ்டபிள் அதற்குள் தொப்பியைக் கழற்றிவிட்டான். சார்ஜென்ட் யோசித்தார், மீசையைத் தடவினார், சோபாவில் பொத்தென்று உட்கார்ந்தார். சோபா 'ம்க்' என்றது.

"ஸ்பிரிங் பழசு சார்" என்றேன்.

"ஆமா தம்பி. மூச்சு வேற விடுது."

சூப் தீர்ந்தது. கெண்டை மீனும் தீர்ந்தது. கான்ஸ்டபிள் முதலில் படியிறங்கினான். சார்ஜென்ட் வாசலில் நின்று குரலைத் தாழ்த்தினார்.

"சோபாவ அப்பப்போ தொறந்து காத்தாட விடுங்கம்மா. இன்னைக்கு இந்தப் பக்கம் வேற யாரும் வர மாட்டாங்க."

காலடிச் சத்தம் ஓய்ந்ததும் பெட்டியைத் திறந்தேன். ஸெனோன் பீட்ரூட் நிறத்தில் இருந்தான்.

"மீன் இருக்கா அத்தை?"

"தலை இருக்குடா."

அம்மா நாற்காலியில் சரிந்து சிரிக்க ஆரம்பித்தாள். பன்னிரண்டு நாளில் முதல் தடவை. ஸெனோன் மீன் தலையை உறிஞ்சிக்கொண்டே, சார்ஜென்ட்டின் எடை குறித்து அரசாங்கத்துக்கு ஒரு மனு போட வேண்டும் என்றான்.