ஆட்சேபம் கேட்ட நேரத்தில் வந்த விருந்தாளி

மதியழகன் தாம்பூலத் தட்டோடு எங்கள் வாசலில் வந்து நின்றபோதே எனக்குப் பொறி தட்டியது. குழுவின் கடைசிக் கூட்டம் தொடங்க அரை மணி நேரம்கூட இல்லை. மகளின் காதுகுத்துக்கு அழைக்க இந்த மனிதருக்கு வேறு நாளே கிடைக்கவில்லையா?

முதலில் என் பயத்தைச் சொல்லிவிடுகிறேன். சிப்பைத் தயாரிப்பதற்கு முன்னால், அது எப்படி நடந்துகொள்ளும் என்று கணினியில் எழுதி ஓட்டிப் பார்க்க ஒரு மொழி இருக்கிறது. அதற்கு ஒரு தரநிலை, அதாவது உலகம் முழுக்க ஒப்புக்கொண்ட விதிகள். அந்த விதிகளைத் திருத்த ஒரு குழு. அதில் ஜெர்மன்காரர், ஜப்பான்காரர், பெரிய பெரிய கம்பெனிக்காரர்களோடு நல்லம்பள்ளியிலிருந்து அமுதவல்லியாகிய நானும் ஒருத்தி. எங்கள் வீட்டு மாடியில் கலைமதியும் இன்னாசியும் நானும் சேர்ந்து, அந்த மொழியை ஓட்டும் மென்பொருள் ஒன்றைச் செய்திருக்கிறோம். அதுதான் எங்கள் கம்பெனி, எங்கள் சோறு.

ஒரே நொடியில் இரண்டு வேலைகள் விழித்துக்கொண்டால் எது முதலில் ஓட வேண்டும்? எது வேண்டுமானாலும் ஓடலாம் என்று பழைய விதி விட்டுவிட்டது. அந்த இடைவெளியில்தான் நாங்கள் பிழைக்கிறோம். இரண்டையும் சேர்த்தே ஓட்டிவிடுவோம்; அதனால் எங்களுக்கு வேகம் அதிகம். மதியழகன் கொண்டுவந்த திருத்தமோ, எழுதிய வரிசையில் ஒன்று முடிந்த பிறகுதான் அடுத்தது என்கிறது. அவருடைய பெங்களூர் கம்பெனியின் சரக்கு ஏற்கனவே அப்படித்தான் ஓடுகிறது. திருத்தம் நிறைவேறினால் விதிக்குப் புறம்பாகிப்போகும் எங்களுடையதை ஒருத்தரும் தொட மாட்டார்கள்.

மதியழகன் பக்கத்து மொரப்பூர்க்காரர். "நம்மூரு ஆளு" என்று என்னிடம் பிரியமாகப் பேசுவார். பேசி முடித்த கையோடு என் வயிற்றில் அடிக்கும் அந்தத் திருத்தத்தை எடுத்து வைப்பார். நான் ஆட்சேபம் சொன்னால் விடாமல் வாதாடி மற்றவர்களைத் தன் பக்கம் இழுப்பார். அவர் வராத கூட்டங்களில் மட்டும் அது தள்ளிப்போகும். எங்கள் ஊர்ப் பஞ்சாயத்திலும் அப்படித்தான். பிராது கொடுத்தவன் வரவில்லை என்றால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எல்லோரும் கிளம்பிவிடுவார்கள்.

தட்டை வாங்கிக்கொண்டேன். அழைக்க வருபவர் மனைவியையும் கூட்டி வருவதுதானே முறை? இவர் தனியாக வந்திருக்கிறார்.

"வூட்ல வரலீங்களா?" என்று கேட்டேன்.

"அவங்க சேலம் பக்கம் அழைக்கப் போயிருக்காங்க. ஆளுக்கொரு பக்கமா பிரிச்சிக்கிட்டோம். காபி மட்டும் குடுங்க, கெளம்பறேன். உங்களுக்கு மீட்டிங் இருக்குதில்லீங்களா?"

"உங்களுக்குந்தான் இருக்குது."

"நான் இன்னிக்கு லீவுங்க" என்று சிரித்தார்.

லீவாம்! காரில் போய் உட்கார்ந்து போனிலேயே கூட்டத்தில் சேர்ந்துகொள்ள எத்தனை நேரம் ஆகும்? விடக் கூடாது என்று முடிவு செய்தேன். இவர் என் வீட்டுக்குள் இருக்கிறவரை அந்தத் திருத்தம் நகராது. இந்தப் பதிப்புக்கு இதுதான் கடைசிக் கூட்டம்; இன்றைக்குத் தப்பித்துவிட்டால் விதிகளின் அடுத்த பதிப்பு வர ஐந்தாறு வருடம் ஆகும். ஒரு வேளைச் சோற்றில் காரியம் முடிந்துவிடும்.

"நல்ல சேதி சொல்ல வந்துட்டு வெறும் காபியா? களி கிண்டி, கோழிக் கொழம்பு வச்சிருவாரு எங்க வூட்டுக்காரரு. சாப்புட்டுத்தான் போவணும்."

விருந்தாளியைக் கண்டால் மாடிக்கு ஓடுகிற நானா இப்படிப் பேசுகிறேன் என்று என் கணவர் வீரமணி திகைத்துப் பார்த்தார். பிறகு கோழி பிடிக்கக் கொல்லைப்புறம் போனார்.

கொஞ்ச நேரம் கழித்து மதியழகன் கடிகாரத்தைப் பார்த்தார். "மீட்டிங் ஆரம்பிச்சிருக்கும் மேடம். நீங்க மேல போங்க. உங்க ஆட்சேபத்தச் சொல்லிருங்க. எனக்கு ஒண்ணும் வருத்தமில்லீங்க."

இவர் இல்லாத கூட்டத்தில் எதற்கு ஆட்சேபம்? என்னை மாடிக்கு விரட்டிவிட்டு நழுவப் பார்க்கிறார். "அதெல்லாம் ஒண்ணும் அவசரமில்லீங்க" என்று வாசலை மறித்தாற்போல நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன்.

கலைமதி மாடியிலிருந்து இறங்கி வந்தாள். கூட்டத்தை அவளும் இன்னாசியும் கேட்கலாம், பேச முடியாது. பேசும் உரிமை உறுப்பினரான எனக்கு மட்டும்தான். "அக்கா, ஒரு நிமிஷம் மேல வாங்களேன்."

"வந்தவங்கள உட்டுட்டு வர முடியுமா? போயி வாழ எல அறுத்துட்டு வா."

மதியழகனை ஒரு பார்வை பார்த்துவிட்டு அவள் போனாள். இலையோடு திரும்பி வந்தவள் மறுபடியும், "அக்கா, அவசரம்" என்றாள். அவர் எதிரில் நம் விஷயத்தைப் பேசுகிறாளே என்று முறைத்தேன். அவள் ஓர் இலையைப் போட்டுவிட்டு மாடிப்படியோரம் ஒதுங்கினாள்.

களியில் குழி பறித்துக் குழம்பை ஊற்றினேன். மதியழகன் இரண்டு வாய்தான் சாப்பிட்டிருப்பார். இன்னாசி படியில் தடதடவென்று இறங்கி வந்தான்.

"அக்கா, திருத்தம் பாஸாயிருச்சு."

"எப்படிடா? கொண்டுவந்தவரு இங்க உக்காந்து சாப்புட்டுட்டிருக்காரே!"

"அவங்க கம்பெனிலருந்து ஜாஸ்மின்னு ஒருத்தங்க எடுத்து வச்சாங்க. ஆட்சேபம் இருக்குதான்னு தலைவர் கேட்டாரு. உங்க பேரச் சொல்லி ரெண்டு தடவ கூப்பிட்டாருக்கா. யாரும் பேசல."

அந்தக் குழுவில் யாரும் பேசாவிட்டால் எல்லோருக்கும் சம்மதம் என்று பொருள். எனக்கு ஆத்திரம் தலைக்கு ஏறியது. மதியழகன் பக்கம் திரும்பினேன். "வந்த வேலைய முடிச்சிட்டீங்க, இல்லீங்களா?"

அவர் கை இலையிலேயே நின்றது. "இந்தத் திருத்தம் சின்னக் கம்பெனிங்களச் சாவடிக்கும், இனி நான் எடுத்து வைக்க மாட்டேன்னு கம்பெனில சொல்லிட்டேங்க. அதனாலதான் ஜாஸ்மின உட்டாங்க. எதுத்து வாதாட நானும் இல்ல, நீங்க ஒருத்தர் ஆட்சேபம் சொன்னாலே நின்னு போயிருக்கும். அதான் போங்க, போங்கன்னேன்."

"அத நேரா சொல்றதுக்கு என்ன கேடு?"

"கம்பெனி வெவகாரத்த வெளிய சொன்னா வேல போயிருங்க." அவர் என்னைப் பார்த்தார். "சொல்லிருந்தா மட்டும் நம்பியிருப்பீங்களா?"

நம்பியிருக்க மாட்டேன். இப்போதும் பாதிதான் நம்புகிறேன். ஆனால் வாசலை மறித்து நாற்காலி போட்டவள் நான்தானே?

நடந்தது எதுவும் தெரியாத வீரமணி சட்டியோடு வந்து, "இன்னொரு கரண்டி ஊத்தறேன், எந்திரிச்சிறாதீங்க. அமுதா இன்னிக்கு உங்கள உட மாட்டா" என்றார்.

கலைமதி மாடிப்படியின் அடியில் நின்றிருந்தாள். மீந்த வாழை இலை இன்னும் அவள் கையிலேயே இருந்தது.

"அக்கா, நாளைக்கு நாங்க வேலைக்கு வரட்டுங்களா?"