இரண்டாவது முத்தம்

ரெஜி குனிந்து, சவப்பெட்டியில் கிடந்த அப்பச்சனின் நெற்றியில் உதடு வைத்தான். நெற்றி சில்லிட்டிருந்தது. ஏதோ சொல்லத்தான் நினைத்தான். தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்ததே தவிர பேச்சு வரவில்லை. துணியால் முகத்தை மூடக் காத்திருந்த பாதிரியாருக்கு வழிவிட்டு நகர்ந்தான்.

"சேட்டா, ஒரு நிமிஷம்" என்றான் வீடியோ எடுக்கிற ஷைஜன். "மணியடிக்கிற கப்பியார் குறுக்கே வந்துட்டாரு. உங்க முகம் விழலே. இன்னொரு தடவை."

வீடியோ இல்லாமல் அந்த ஊரில் அடக்கம் கிடையாது. பாதி ஊர் துபாயிலும் மீதி ஊர் கனடாவிலும் இருந்தால் வேறென்ன செய்வது? டொரன்டோவில் அக்கா பீனா காலில் அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருந்தாள். அவளுக்கு அப்பாவின் கடைசி முகம் இந்தக் காமிரா வழியாகத்தான்.

'இன்னொரு தடவை' என்ற குரலுக்கு, சீரியலில் நடிக்கிற ரெஜியின் உடம்பு பழகியிருந்தது. மனசைக் கேட்காமலே கால்கள் திரும்பி வந்தன. காமிரா எங்கே என்று பார்த்துக்கொண்டான். அப்பச்சனின் முடியைக் கோதினான். மூச்சை இழுத்து விட்டான். "எங்களைத் தனியா தவிக்க விட்டுட்டுப் போயிட்டீங்களே அப்பச்சா" என்று சொல்லி முத்தம் வைத்தான். தலையைச் சட்டென்று எடுக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தான்.

"போதும் சேட்டா."

நிமிர்ந்தபோது, பெட்டியின் மறுபக்கம் அவனைப் பெற்ற அம்மச்சி அழுகையை நிறுத்திவிட்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கல்லறைக்கு நடக்கும்போது காது சுட்டது. சட்டைக் காலரை உயர்த்திக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் நடந்தான்.

பஸ் ஓட்டி ஓய்ந்த அப்பச்சன் குரியாச்சனுக்கு, இருந்த காலத்தில், சாயங்காலமானால் டிவியில் ஒரு பேய் சீரியல் வேண்டும். திருடப்போன வீட்டில், ஒரு கிழட்டுப் பேய்க்குச் சமைத்துப்போட மாட்டிக்கொண்ட இரண்டு திருடர்களின் கதை. சிரித்துச் சிரித்து வேட்டியில் டீயைக் கொட்டிக்கொள்வார். அதே சீரியலில் இன்ஸ்பெக்டர் வேஷம் கிடைத்தபோது ரெஜி ஊருக்கே கேக் வெட்டினான். ஒருநாள் லீவில் வந்தவன் தண்ணீர் குடிக்க அடுக்களைக்குள் போனான். அப்பச்சன் நிரம்பிய டம்ளரோடு இருட்டில் நின்றுகொண்டிருந்தார். ஹாலில் இன்ஸ்பெக்டரின் குரல் ஓடிக்கொண்டிருந்தது.

"குடிக்கலியா அப்பச்சா?"

"டிவியிலேருந்து நீ போகட்டும்னு நிக்கிறேன்."

"அவ்வளவு மோசமா?"

"பேயை நம்ப முடியுதுடா. போலீஸைத்தான் நம்ப முடியலே."

"எழுதிக் கொடுக்கிற வசனம் அப்படி. நான் என்ன பண்றது?"

"வசனம் சவசவன்னுதான் இருக்கு. 'சட்டத்தின் முன்னால் பேயும் தலைவணங்கணும்'னு எந்தப் போலீஸ்காரன் பேசுவான்? ஆனா அதைச் சொல்றதுக்கு முன்னாடி, எல்லாரும் பார்க்கிறாங்களான்னு நீ ஒரு பார்வை பார்க்கிறே பாரு... அத்தோட போச்சு. கனவுல சிரிச்சுக்கிட்டிருந்தவனைத் தட்டி எழுப்பினாப்ல ஆயிடுது."

அதற்கப்புறம் அவன் ஒரு மாதம் வீட்டுக்குப் போன் பண்ணவில்லை. அப்பச்சன்தான் கூப்பிட்டுச் சாப்பிட்டியா என்று கேட்டார்.

அடக்கம் முடிந்து வீட்டில் கஞ்சியும் பயறும் பரிமாறினார்கள். ரெஜி, வாசலில் ஒயர் சுருட்டிக்கொண்டிருந்த ஷைஜனிடம் போனான்.

"அந்த ரெண்டாவது முத்தத்தை வீடியோவுலேருந்து எடுத்திரு."

"ஐயோ, அதுதான் சேட்டா சூப்பர். வசனம்கூட வந்திருக்கு."

"எடுத்திருன்னு சொன்னேன். முதல்ல வச்சதை மட்டும் வை."

"அதுல என்ன இருக்கு? கப்பியாரோட முதுகுதான் இருக்கு." ஷைஜன் ஒயரைப் பைக்குள் திணித்தான். "ஆல்பத்துலேருந்து எடுத்தாலும் பிரயோஜனம் இல்லை சேட்டா. ரெண்டுமே லைவ்ல போயிடுச்சு. எல்லாரும் பார்த்தாச்சு."

ஒரு தகப்பனுக்கு ஒரு மகன் ஒரே தடவைதான் விடை கொடுக்க முடியும். ரெஜி கொடுத்திருந்தான், சரியாகத்தான் கொடுத்திருந்தான். பிறகு போய் அதைக் கெடுத்துவிட்டு வந்திருக்கிறான்.

போன் அடித்தது. பீனா. படத்தோடு வந்த அழைப்பு. திரையில் அவள் கண்கள் வீங்கியிருந்தன.

"சேச்சி..." என்று ஆரம்பித்தான்.

"நீ ஒண்ணும் பேச வேண்டாம் ரெஜி" என்றாள். குரலில் கோபம் இல்லை. "உன் முகத்தைக் காட்டாதே. அம்மச்சியைக் காட்டு."

உள்ளே போய்ப் போனைத் திருப்பிப் பிடித்தான். பெஞ்சில் உட்கார்ந்திருந்த அம்மச்சி கஞ்சிக் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு, குடிக்காமல் கரண்டியால் கிளறிக்கொண்டிருந்தாள். மகளைப் பார்த்ததும் உதடு துடித்தது. போனுக்குப் பின்னால் நின்ற ரெஜியை யாரும் பார்க்கவில்லை.

"ஆட்டாதேடா" என்றாள் பீனா. "அம்மச்சி மங்கலாத் தெரியறாங்க."

அவன் மற்றொரு கையால் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

"இன்னும் ஆடுதுடா" என்றாள்.